போணிக்கு ஒரு கர்ச்சீப்

காலை ஒன்பது மணி இருக்கும். ஷட்டரை ஏற்றி, வாசலில் தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திவிட்டு அப்போதுதான் உட்கார்ந்தேன். வாசலில் முத்துப்பாண்டி வண்டியை நிறுத்தினார். முதுகில் அவரைவிடப் பெரிய பை. கையில் எங்கள் கடையிலிருந்து போன கவர் ஒன்று, ஓரம் கிழிந்து, மேலே பழுப்பு டேப் ஒட்டி.

"அக்கா, ரிட்டர்னு."

"இன்னும் போணியாகலை. அங்கனயே நில்லுங்க."

ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக அப்படியே நின்றார். கூரியரில் வேலை பார்க்கிறவர். சொந்த ஊர் எம்.ரெட்டியபட்டி. முப்பது வயது, இரண்டு பிள்ளைகள். யாரிடமும் முகம் சுளிக்கத் தெரியாதவர். அன்றைக்குக் கொஞ்சம் சுளித்தார்.

"பத்து மணிக்குள்ள இதை ஒப்படைக்கலேன்னா ஆபீஸ்ல வையிறாங்கக்கா."

"அதுக்கு நான் என்ன செய்ய? மொத வியாபாரம் ஆகாம, வித்த சரக்கைத் திருப்பி வாங்குனா அன்னைக்குப் பூராவும் வெளங்குமா?"

தெருவை எட்டிப் பார்த்தார். ஒரு ஈ, காக்கை இல்லை. கடைக்குள் எட்டிப் பார்த்தார். கல்லா மேல் கர்ச்சீப் டப்பா இருந்தது.

"அது என்ன விலை?"

"பத்து ரூபா."

"ஒண்ணு குடுங்க."

ரூபாயை வாங்கிக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டேன். கர்ச்சீப்பைக் கொடுத்தேன். போணி ஆயிற்று. அதன் பிறகு இரண்டு கையையும் நீட்டி ரிட்டர்னை வாங்கிக்கொண்டேன். இருவருக்கும் மரியாதை கெடாமல் காரியம் முடிந்தது.

அன்றிலிருந்து அதுவே எங்கள் ஏற்பாடு. முத்துப்பாண்டி வந்து "கர்ச்சீப் ஒண்ணு" என்றால் பையில் ரிட்டர்ன் இருக்கிறது என்று அர்த்தம்.

போணி என்றால்

பட்டணத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன். போணி என்பது அன்றைய முதல் வியாபாரம். எங்கள் அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் அதற்குச் சட்டம் உண்டு. போணிக்கு வருகிறவரிடம் 'இல்லை' என்று சொல்லக் கூடாது. அவர் கொஞ்சம் குறைத்துக் கேட்டால் முகத்தைத் தூக்காமல் கொடுத்துவிட வேண்டும். போணி ஆகும் முன்னால், விற்றுப் போன சரக்கைக் கடைக்குள் விடவே கூடாது.

என் மாமனார் காலத்தில் ஒரு அதிகாரி, எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன், காலங்காத்தாலே வேட்டியை மாற்ற வந்தார். கரை சரியில்லையாம். மாமனார் அவரை மரியாதையாக உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். வேட்டியைத் தொடவில்லை. இரண்டாவது டீயும் வந்தது. வேறு ஒரு ஆள் கடைக்கு வரவில்லை. கடைசியில் அந்த அதிகாரியே பொறுக்க முடியாமல் கால் ரூபாய்க்கு ரிப்பன் வாங்கினார். அவர் வீட்டில் பெண் பிள்ளையே கிடையாது.

மூன்று வாரமாக இந்தத் தொடரில் மாமனாரையே எழுதிக்கொண்டிருக்கிறேன், தன்னைப் பற்றி ஒரு வரி இல்லை என்று என் மதினி குறைப்பட்டுக்கொண்டார். இந்த வாரம் அவர்தான். படித்த பிறகும் குறைப்படுவார், அது வேறு விஷயம்.

எதிர்த்த கடை

மதினி என்றால் என் வீட்டுக்காரருடைய அக்கா. பெயர் ராஜேஸ்வரி. எங்களுக்கு நேர் எதிரே கடை. அவர் விற்பதும் பருத்திச் சேலை, நான் விற்பதும் பருத்திச் சேலை. இரண்டு பேரும் வாங்குவது பக்கத்துத் தெருவில் ஒரே விசைத்தறி செட்டில். அவர் சேலையையும் என் சேலையையும் கலந்து வைத்தால் நெய்தவருக்கே அடையாளம் தெரியாது.

கடைக்கு ஆள் வருவது குறைந்ததும் நான் போனில் ஒரு ஆப்பில் கடை திறந்தேன். மறுவாரமே அவரும் திறந்தார். அவர் விலையில் ஒரு ரூபாய் குறைத்தால் நான் ஒரு ரூபாய் குறைப்பேன். நான் குறைத்தது அவர் போனில் தெரிந்த நிமிடத்தில் எதிரே நாற்காலி கிறீச்சென்று நகரும் சத்தம் கேட்கும். டெல்லியிலும் புனேயிலும் யாரோ போனைத் தடவிக்கொண்டிருக்க, இங்கே இரண்டு பொம்பளைகள் ஒரு தெருவின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒரு ரூபாய்க்காக ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தோம்.

மதினி என்னைவிட விவரம். சேலையைத் தன் மருமகளுக்குக் கட்டிவிட்டு, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்துப் போட்டார். படம் நன்றாக வந்திருந்தது. அதை வடக்கே எவனோ திருடித் தன் பாலியஸ்டர் சேலைக்குப் போட்டுக்கொண்டான். அவனிடமிருந்து இன்னொருவன். ஒரு மாதத்தில் அந்த மருமகள் பதினோரு கடையில் நின்றாள், பின்னால் அதே தண்ணீர்த் தொட்டி. காரியாபட்டியிலிருந்து ஒரு சொந்தக்காரம்மா போன் போட்டு, "ஒம் மருமக வடக்க வேலைக்குப் போயிட்டாளாமே, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை" என்று சண்டைக்கு வந்தார்.

எங்கள் கடையில் பார்சல் கட்டுவது என் வீட்டுக்காரர், நாகராஜ். இருபது வருடம் விசைத்தறி ஓட்டியவர். அந்தச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. மதுரையில் காட்டியதற்கு, "இனிமேல் தறிப் பக்கமே போகக் கூடாது, மிச்சமிருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் எனக்கு அந்த ஆப் கடை ஓட வேண்டும். அது மூடினால் அவர் மறுபடி செட்டுக்குக் கூலிக்குப் போக வேண்டும். நான் கூப்பிடுவது இப்போதே மூன்றாவது தடவைக்குத்தான் கேட்கிறது. அப்புறம் அதுவும் கேட்காது. எனக்குப் பயம் அது ஒன்றுதான்.

சாம்பாரா, பருப்பா

முதல் மாதங்களில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு ரிட்டர்ன் வந்தது. நிறம் பிடிக்கவில்லையாம். சரி, ஒன்று வரும். அதற்கடுத்து வந்ததெல்லாம் வேறு ரகம். எல்லாவற்றிலும் காரணம் 'கறை'. வாங்கினவர் ஒருவர் படம் எடுத்தே போட்டிருந்தார். சேலை முந்தானையின் உள்மூலையில் மஞ்சளாக ஒரு திட்டு. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. சேலையை வாங்கிக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். பந்தியில் சாம்பாரைச் சிந்தியிருக்கிறாள். மடித்து நமக்கே திருப்பி அனுப்பிவிட்டாள்.

"சாம்பாருங்க" என்றேன் வீட்டுக்காரரிடம், சத்தமாக.

"எந்த ஊரு?"

"ஜெய்ப்பூரு."

"அங்கிட்டு சாம்பார் வைப்பாகளா?"

நியாயமான கேள்விதான். யோசித்து, "பருப்புன்னு ஒண்ணு வைப்பாகள்ல, அது" என்றேன். தலையை ஆட்டினார்.

அதன்பின் ரிட்டர்ன் வர வர நான் கறையைப் பார்த்து ஊரைச் சொல்லவும், அவர் தலையை ஆட்டவும் பழகிவிட்டோம். வெளிர் மஞ்சள் என்றால் பருப்பு. அடர்த்தி என்றால் சாம்பார். கல்கத்தாவிலிருந்து வந்ததை மீன் குழம்பு என்று முடிவு கட்டி, தனியாக ஒரு பையில் போட்டுக் கட்டித் தொங்கவிட்டேன்.

ஆப்காரர்களின் உதவி எண்ணுக்குப் பேசினேன். ஒரு பெண் நல்ல தமிழில் பேசினாள்.

"மேடம், சாம்பார்னு ஒரு காரணம் எங்க லிஸ்ட்ல இல்ல."

"அப்ப என்ன இருக்கு?"

"கறை, கிழிசல், தவறான பொருள், எதிர்பார்த்தபடி இல்லை."

"கறைன்னா என்ன கறைன்னு கேக்க மாட்டீகளா?"

"கறைன்னா கறைதான் மேடம்."

முத்துப்பாண்டி கர்ச்சீப் வாங்கிக்கொண்டே இருந்தார். அவர் மனைவி அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்துத் தலையணை உறை போட ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னார்.

கறை என்று ஒன்பதாவது சேலை திரும்பி வந்த அன்று ஆப்பில் ஒரு செய்தி வந்தது. கடைப் பெயருக்குக் கீழே அதுவரை பச்சையாக இருந்த கோடு சிவப்பாகியிருந்தது. இந்த மாதம் இன்னும் ஒரே ஒரு ரிட்டர்ன் வந்தாலும் கடை மூடப்படும், மறுபடி திறக்க முடியாது. இரண்டு தடவை படித்தேன். வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்து, சாமி படத்துக்குக் கீழே, அன்றைய பார்சலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

சண்டைக்குத் தமிழ்

என் கோபம் எப்போதும் எதிர்த்த கடைப் பக்கமாகத்தான் போகும். மதினிக்கு ஒரு ரிட்டர்ன்கூட வருவதில்லை. அதே தறி, அதே சேலை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? வடக்கே இருக்கிற தெரிந்தவர்களை வைத்து என் சேலையை வாங்க வைத்து, கறை பண்ணி, திருப்பி அனுப்ப வைக்கிறார். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைய பார்சலை முத்துப்பாண்டி வந்து எடுத்துக்கொண்டு போனதும் தெருவைக் கடந்தேன்.

எங்கள் வீடுகளில் பேசுவது தெலுங்கு. கொஞ்சுவது, பிள்ளைகளைத் திட்டுவது, பொங்கிச் சாப்பிடக் கூப்பிடுவது எல்லாம் தெலுங்குதான். சண்டை மட்டும் தமிழில் போடுவோம். தெருவுக்குப் புரிய வேண்டும் இல்லையா?

"மதினி, உங்க தம்பி காது போனது போதாதா? அவுக சோத்துலயும் மண்ணள்ளிப் போடணுமா?"

"என்னாடி சொல்ற?"

சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் வெளியே வந்து நின்றார். நான் முடித்ததும் மதினி கேட்டார்.

"வந்த சேலை எங்க? கொண்டா."

ஒன்பதையும் கொண்டுபோய் அவர் மேஜையில் போட்டேன், மீன் குழம்புப் பை உட்பட. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக முந்தானையை இழுத்துப் பார்த்தார். கடைசியில் நிமிர்ந்தார்.

"ஏ வசந்தா. ஒம்போது ஊர்ல ஒம்போது பொம்பளையாளும் ஒரே மூலையிலயா சாம்பாரைச் சிந்துனாளுக?"

மீன் குழம்புப் பையை மெதுவாக என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

மறுபடி குனிந்து ஒரு திட்டை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். முகர்ந்தார். விரலால் தடவினார். பிறகு அவர் முகமே மாறிவிட்டது. என்னைப் பக்கத்தில் இழுத்துக் காட்டினார். நீள்வட்டமாக ஒரு திட்டு. நடுவில் குறுக்கே மெல்லிய கோடு, அந்த இடத்தில் மட்டும் மஞ்சள் ஒட்டவில்லை. ஒன்பதிலும் அதே கோடு.

"இது பெருவிரலு" என்றார். "அஞ்சு வயசுல அருவாமணையில வெட்டிக்கிட்டான். நாந்தான் துணியைச் சுத்தித் தூக்கிட்டு ஓடுனேன்."

வாசலுக்கு வந்து, தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏலே நாகராசு."

மூன்றாவது தடவைக்கு அவர் எட்டிப் பார்த்தார். வந்தார். வலது கையைப் பிடித்துத் திருப்பினார் மதினி. பெருவிரலில் தழும்பு. தழும்பைச் சுற்றி மஞ்சள்.

"சேலையில மஞ்சள் வச்சு அனுப்புனியா?"

"ஆமா" என்றார் அவர், அதில் என்ன இருக்கிறது என்பதுபோல. "நம்மூர்ல வாங்குறவுக வீட்டுக்குப் போயி மூலையில மஞ்சள் வச்சுத்தான் கட்டுவாக. அங்கிட்டு யாரு வைப்பா? புதுத் துணி, மொட்டையாப் போகுதேன்னு வச்சேன்."

"எப்ப இருந்து?"

"மொதப் பார்சல்ல இருந்தே. அப்பல்லாம் பொட்டு மாதிரி ஒரு துளிதான். அப்புறம் ரிட்டர்ன் வருதுன்னு இவ புலம்புனா. சரி, மஞ்சள் பத்தலை போலன்னு கொஞ்சம் தாராளமா வச்சேன்."

ரிட்டர்ன் கூடக் கூட மஞ்சள் கூடியிருக்கிறது. மஞ்சள் கூடக் கூட ரிட்டர்ன் கூடியிருக்கிறது. சாமி படத்துக்குக் கீழே மஞ்சள் கிண்ணம் தினமும் என் கண் முன்னால்தான் இருந்தது. சாமிக்கு என்று நினைத்திருந்தேன்.

"என்னங்க, சாம்பார்னு சொன்னப்பல்லாம் தலையை ஆட்டுனீகளே?"

"நீ படத்தைப் பாத்துச் சொன்ன. நான் படத்தை எங்க பாத்தேன்?"

"வந்த சேலையையாவது பிரிச்சுப் பாத்தீகளா?"

"எச்சில் பட்ட துணின்னு சொன்ன. நான் ஏன் தொடப்போறேன்?"

பாத்திரக் கடைக்காரர் சிரித்துவிட்டு உள்ளே போனார். எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. அப்போதுதான் அது உறைத்தது.

"இன்னைக்குப் போனதுக்கு?"

"இன்னைக்கு நல்லா வச்சிருக்கேன்" என்றார், பெருமையாக.

காரியாபட்டியில் வடை

சிவப்புக் கோட்டை அப்போதுதான் சொன்னேன். மதினி ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

முத்துப்பாண்டிக்குப் போன் போட்டதில், சரக்கு வேன் மதுரைக்குக் கிளம்பிவிட்டது, டிரைவர் காரியாபட்டியில் டீக்கு நிறுத்துவார் என்றார். மதினி ஓட்ட, பின்னால் நான். காலையில் அவரைத் தெருவே கேட்கத் திட்டியவள், மத்தியானம் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மதுரை ரோட்டில் போனேன். அனல் காற்று முகத்தில் அடித்தது. இரண்டு பக்கமும் காய்ந்த பருத்திக் காடு.

டிரைவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னோம். மூட்டைக்கு சீல் வைத்தாகிவிட்டது, தொட்டால் தன் வேலை போய்விடும் என்றார். மதினி அதட்டிப் பார்த்தார், அழுவதுபோலப் பார்த்தார், தம்பி காதைப் பற்றிச் சொன்னார். டிரைவர் காது கொடுத்துக் கேட்டார். வேன் போய்விட்டது. என் சேலை ஒடிசாவுக்கு.

மதினி இரண்டு வடை வாங்கி ஒன்றை என் கையில் வைத்தார். நான் சாப்பிடவில்லை. அதையும் அவரே சாப்பிட்டார்.

ஏழு நாள்

வாங்கினவர் கைக்குப் போன நாளிலிருந்து திருப்பி அனுப்ப ஏழு நாள் அவகாசம். முன்னால் போனதெல்லாம் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டன, பாக்கி அந்த ஒடிசாச் சேலைதான். அந்த நாள்களில் வீட்டுக்காரர் பெருவிரலைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே நடமாடினார். பார்சல் கட்டும்போது விருப்பமில்லாத பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன் முகம். ஒரு நாள் அவராகவே, "செட்டுல ஆள் கேட்டாங்க. காதுல பஞ்சை வச்சு அடைச்சுக்கிட்டாப் போகுது" என்றார். நான் திட்டினேன். பிறகு பின்பக்கம் போய் அழுதேன்.

எட்டாம் நாள் காலை முத்துப்பாண்டி வந்தார். வண்டியை நிறுத்தினார். படியேறினார். என் கை தானாகக் கர்ச்சீப் டப்பாவைத் திறந்தது.

"கர்ச்சீப் வேணாம்க்கா" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. "ஏன், பத்து ரூபா இல்லையா?" என்றேன்.

"ரிட்டர்ன் இல்லக்கா. ஒடிசாவுல இருந்து ஒண்ணும் பதிவாகலை, பாத்துட்டேன்."

உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். மூன்று தடவை கூப்பிடத் தேவையிருக்கவில்லை, அவர் எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

அந்த ஒடிசாக்காரம்மா ஏன் திருப்பி அனுப்பவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மஞ்சள் என்று புரிந்துகொண்டிருக்கலாம். அல்லது மறுபடி கவரில் போட்டு ஒட்டச் சோம்பலாக இருந்திருக்கலாம். சோம்பல்தான் என்றால் அந்தச் சோம்பலுக்கும் என் கும்பிடு.

வீட்டுக்காரர் மனம் கேட்கவில்லை என்று ஒரு ஏற்பாடு செய்தேன். சேலையைத் தொடக் கூடாது. கவரை ஒட்டிய பிறகு, வெளியே ஓரத்தில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளட்டும். பிளாஸ்டிக்தானே, துடைத்தால் போகும். முத்துப்பாண்டி பார்த்துவிட்டு, "பார்கோட்டுல மட்டும் படாமப் பாத்துக்கங்கண்ணே, மிஷினு படிக்க மாட்டேங்குது" என்றார்.

மறுநாள் காலை ஷட்டரை ஏற்றியதும் மதினி தெருவைக் கடந்து வந்தார். இரண்டு கையிலும் பார்சல், பதினான்கு. எங்களுக்கு அன்றைக்கு நான்குதான். நேராக உள்ளே போய்த் தம்பிக்கு முன்னால் கொட்டினார்.

"இதுக்கும் வையிலே" என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்காரர் மஞ்சள் கிண்ணத்தை எடுத்துவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

"மதினி, கடையில இன்னும் போணியாகலை. அதுக்குள்ள வெளிச் சரக்கு உள்ள வரக் கூடாது."

முறைத்தார். இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார்.

"கர்ச்சீப் எவ்வளவு?"

"பத்து ரூபா."

"ஒம்போது ரூபாய்க்குக் குடு."

போணி நேரம். இல்லை என்று சொல்லக் கூடாது. எடுத்துக் கொடுத்தேன்.